சிவப்பு மையில் ஒரு சம்பந்தி

என் சம்பந்தியைக் கொல்வதற்காக நான் மாண்ட்ரியல் போகவில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்கத்தான் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஊர் திரும்பியதிலிருந்து என் மனைவி வள்ளி இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

மதுரையில் எனக்கு ஒரு அச்சகம். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா எல்லாவற்றுக்கும் பத்திரிகை அடிப்போம். கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடிப்போம், அது பின்கட்டில். மாண்ட்ரியலில் படித்து அங்கேயே வேலையில் சேர்ந்த என் மகன் அருண், லின் என்கிற சீனப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது வள்ளி கொஞ்ச நாள் யாரோடும் பேசவில்லை. நானும்தான் பேசவில்லை. ஆனால் என் காரணம் வேறு. பெண் வீட்டார் பேரைச் சீன எழுத்தில் பத்திரிகையில் எங்கே நிறுத்துவது என்று மனசுக்குள் லே-அவுட் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இங்கெல்லாம் யாரும் பத்திரிகை அடிக்கிறதில்லப்பா, ஈமெயில் போதும்" என்றான் அருண். அச்சகக்காரன் மகன் கல்யாணத்துக்கு ஈமெயில். ஊர் சிரிக்காதா? பெண்ணின் அப்பா பேரை மட்டும் சீன எழுத்தில் படமாக அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். ஹுவாங் என்ற குடும்பப் பேருக்கு அவர்கள் பாஷையில் மஞ்சள் என்று அர்த்தமாம். மஞ்சள் அட்டையில் மஞ்சள் என்று ஒரு பேர், இதைவிட மங்கலம் வேறென்ன வேண்டும். சீனர்களுக்குச் சிவப்பு என்றால் உயிர் என்பது உலகத்துக்கே தெரியும். பளிச்சென்ற சிவப்பில், எங்கள் பேர்களைவிடப் பெரிதாக, அவர் பேரை அட்டையின் நெற்றியில் போட்டேன். நான் அடித்ததிலேயே லட்சணமான பத்திரிகை அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன், வள்ளி பக்கத்தில் இல்லாதபோது.

மார்ச் மாதக் கடைசி. பனி பார்க்கலாம் என்று ஆசையாகப் போனவனுக்குத் தெருவெல்லாம் கறுப்புச் சேறுதான் கிடைத்தது. அருண் வீடு கர்க்லாண்ட் என்கிற புறநகரில். ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி கார்கள், வெளியே ஈ காக்கை இல்லை. ஒரு டீ குடிக்க வேண்டுமென்றால்கூடக் காரை எடுக்க வேண்டும். எங்கள் தெருவில் வீட்டு வாசலில் நின்று கையைக் காட்டினால் டீ வரும் என்று அருணிடம் சொன்னேன். அவன் அங்கேதான் வளர்ந்தவன், அவனிடமே சொன்னேன்.

பத்திரிகைக் கட்டோடு நான் ஒரு கொள்கையும் கொண்டுபோயிருந்தேன். சீனர்கள் படம் படமாக எழுதுகிறவர்கள், ஆகவே படம் படமாகச் சிந்திக்கிறவர்கள். வாட்ஸப்பில் வந்தது. முதல்நாள் சாப்பாட்டு மேஜையிலேயே அதை லின்னிடம் எடுத்துவிட்டேன். லின் பல் டாக்டர். எதையும் முகம் மாறாமல் கேட்கிற பழக்கம் தொழிலிலேயே வந்துவிட்டது.

"அங்கிள், அம்மான்னு எழுதியிருக்கிறதைப் படிக்கும்போது அந்த முதல் எழுத்து எப்படி வளைஞ்சிருக்குன்னா பாப்பீங்க?" என்று அருணிடம் கற்ற தமிழில் கேட்டாள்.

"நான் பாப்பேன்" என்றேன். அச்சகக்காரன் வேறு என்னத்தைப் பார்ப்பான்.

பெரும்பாலான சீன எழுத்துகளில் ஒரு பகுதி ஒலியைச் சொல்லும், ஒரு பகுதி எந்த வகைப் பொருள் என்று சொல்லும், படம் என்று பார்த்தால் கைப்பிடியளவுதான் தேறும் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். சின்ன வயதில் சனிக்கிழமை தோறும் சீனப் பள்ளியில் ஒரே எழுத்தைக் கை வலிக்க வலிக்க எழுதினாளாம். "நான் மனக்கணக்கு போடுறதெல்லாம் பிரெஞ்சுலதான் அங்கிள்" என்றும் சொன்னாள். நான் கொள்கையை விடுவதாக இல்லை.

மறுநாள் நானும் வள்ளியும் டவுன்டவுனுக்குப் பஸ்ஸில் கிளம்பினோம். இந்த ஊரில் வண்டிகள் வலப்பக்கம் ஓடும் என்று தெரியும். தெரிந்தும் கால் மதுரைப் பழக்கத்தில் எதிர்ப்பக்கம் போய் நின்றுவிட்டது. எங்கள் பஸ் சாலைக்கு அந்தப்புறம் வந்தது, நின்றது, எங்களைப் பார்த்தது, போய்விட்டது. டிரைவர் கையசைத்தார். வள்ளி பதிலுக்குக் கும்பிட்டாள். அடுத்த பஸ்ஸைப் பிடித்து, மெட்ரோ மாறி, ஒரு ஸ்டேஷன் தாண்டி இறங்கித் திரும்பி நடந்து, ஒருவழியாகச் சீனர் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கடைப் பலகைகளில் பிரெஞ்சு பெரிதாகவும் சீனம் அடக்கமாகவும் இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இங்கே சட்டம். நம் ஊரிலும் தமிழ் பெரிதாக இருக்க வேண்டும் என்று சட்டம் உண்டு, யார் கேட்கிறார்கள். ஒரு கடை வாசலில் வரிசையில் நின்ற இளைஞரிடம் பலகையைக் காட்டி, "இந்த எழுத்தில் உங்களுக்கு என்ன தெரிகிறது?" என்று கேட்டேன்.

"வாத்து" என்றார்.

அலகைத் தேடினேன். வாலைத் தேடினேன். "எங்கே வாத்து?" என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்த வறுத்த வாத்துகளைக் காட்டினார். வள்ளி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஒரு சாப்பாட்டுக் கடையில் டீ குடித்தோம். கல்லாவில் ஒரு அம்மாள். சம்பந்தி ஹுவாங் வேலையில் இருந்த காலமெல்லாம் இந்தப் பக்கத்துச் சமையலறைகளில்தான் இருந்தார் என்று அருண் சொல்லியிருந்தான். தெரிந்தவர்களாக இருப்பார்கள் என்று ஒரு பத்திரிகையை எடுத்து இரு கையாலும் நீட்டினேன். அந்த அம்மாள் வாங்கிப் பார்த்தார். முகம் அப்படியே இறங்கிப்போயிற்று. தலையைக் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். பிறகு மெதுவாக, "எப்போது?" என்று கேட்டார்.

"ஆகஸ்ட்" என்றேன்.

அவர் வாய் திறந்தபடி நின்றது. டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். உள்ளே போய் இரண்டு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து வள்ளி கையில் வைத்து, அவள் தோளைத் தடவிக்கொடுத்தார். "என்ன மரியாதை பாத்தியா" என்றேன். வள்ளிக்கும் கண் கலங்கிவிட்டது.

அந்த உற்சாகத்தில் வில்லரே என்ற பேட்டையில் ஒரு யாழ்ப்பாணத்தார் பலசரக்குக் கடை, அம்மன் கோயில், கர்க்லாண்டில் பக்கத்து வீட்டு மதாம் ஜினெட் என்று இன்னும் சில இடங்களில் வைத்தேன். சம்பந்தி வீட்டுக்குப் போவதாக இருந்தது ஞாயிற்றுக்கிழமை. அருணுக்கும் லின்னுக்கும்கூடப் பத்திரிகையை அன்றைக்குத்தான் காட்டுவதாக இருந்தேன். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா?

வில்லரேயில் அவர்கள் வீடு மாடியில். இந்த ஊரில் மாடிப்படியை வீட்டுக்கு வெளியே கட்டுகிறார்கள். அதுவும் இரும்பில், அதுவும் வளைத்து, அதுவும் பனி பெய்கிற ஊரில். தேங்காய், பழம், வெற்றிலை, உச்சியில் பத்திரிகை என்று எவர்சில்வர் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு, பிடிக்கக் கையில்லாமல், அந்தப் படியில் நான் ஏறியதை எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். மேலே போய்ச் சேர்ந்ததும் கை தட்டினார்.

சம்பந்தி ஒல்லியான மனிதர், வீட்டுக்குள்ளும் கம்பளித் தொப்பி, காதில் கேட்கும் கருவி. சம்பந்தியம்மா குள்ளம், விறுவிறுப்பு. ஒரு பெயின்ட் கம்பெனியில் நிறம் கலக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருவரும் ஆங்கிலம் பேசினார்கள். பெரிய முழு மீன், கீரை, டோஃபு, கடைசியில் அரிசிக் கஞ்சி. மீன் தொடாத வள்ளி கஞ்சியைப் பார்த்ததும் கைப்பையிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்துவிட்டாள். சம்பந்தியம்மா ஒரு துண்டு வாயில் போட்டு, கண்ணை மூடி, இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நடுவில் போன் அடித்தது. சம்பந்தி எடுத்து ஹலோ என்றார். எதிர்ப்பக்கம் ஒரு அலறல் எங்களுக்கே கேட்டது. அவர் பொறுமையாக ஏதோ சொல்லிவிட்டு வைத்தார்.

"நேற்றிலிருந்து இப்படித்தான்" என்று லின் சொன்னாள். "பழைய நண்பர்கள் எல்லாரும் அம்மாவுக்கு ஆறுதல் சொல்லக் கூப்பிடுறாங்க. அப்பா போனை எடுத்தா பயந்து கத்துறாங்க. யார் கிளப்பிவிட்டாங்கன்னே தெரியலை."

"பொறாமை பிடிச்சவங்க எல்லா ஊர்லயும் இருப்பாங்கம்மா" என்று வள்ளி ஆறுதல் சொன்னாள். அதுதான் தருணம் என்று நான் எழுந்து தாம்பாளத்தை நீட்டினேன்.

சம்பந்தியம்மா பத்திரிகையைப் பார்த்தார். தாம்பாளத்தை வாங்க வந்த கை பாதியில் நின்றது. பிறகு அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் மறுபடி திறந்தது.

உயிரோடு இருக்கிறவர் பேரைச் சிவப்பு மையில் எழுதக் கூடாதாம். சிவப்பு அட்டையில் எழுதலாம், சிவப்பு உறையில் போடலாம், வீடு முழுக்கச் சிவப்பு கட்டலாம், பேரை மட்டும் சிவப்பில் எழுதக் கூடாது. ஏன் என்று கேட்டேன். அந்தக் காலத்தில் தலை வெட்டப்படப் போகிறவர்கள் பேரைத்தான் சிவப்பில் எழுதுவார்கள் என்றார் சம்பந்தியம்மா. தன் அம்மா அடித்துச் சொல்லிக்கொடுத்தது, காரணம் கேட்டதில்லை என்றார் சம்பந்தி. லின் போனில் தேடி வேறு ஏதோ படித்தாள். காரணம் ஆளுக்கு ஒன்றாக இருந்தது, பயம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது.

அப்புறம்தான் அருண் எங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் வெளியே வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை சம்பந்திக்கு இதய ஆபரேஷன். வால்வு மாற்றுகிறார்கள். நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"வேற கலர்ல அடிச்சுக் குடுத்துடுறேன்" என்றேன்.

"கறுப்பில் அடியுங்கள்" என்றார் சம்பந்தியம்மா.

"கல்யாணப் பத்திரிகையில கறுப்பா?" என்று வள்ளி நெஞ்சில் கை வைத்தாள். "கறுப்புல அடிச்சா அது கருமாதிப் பத்திரிகை. எம்புள்ள கல்யாணத்துல கறுப்பு பட விடமாட்டேன்." நான் அதை மழுப்பி மொழிபெயர்க்கப் பார்த்தேன். அருண் நேர்மையாக மொழிபெயர்த்துவிட்டான். சிவப்பு என்றால் சம்பந்திக்கு ஆகாது, கறுப்பு என்றால் கல்யாணத்துக்கு ஆகாது. இரண்டு அம்மாக்களும் கஞ்சிக் கிண்ணத்துக்கு இருபுறமும் உட்கார்ந்துகொண்டு ஒரு அங்குலம் நகரவில்லை.

சம்பந்திதான் வாயைத் திறந்தார். "என் பேர் மஞ்சள். நீங்கள் சிவப்பில் அடித்தீர்கள். என் மனைவி கறுப்பில் கேட்கிறாள். இதயம் குழம்பாமல் என்ன செய்யும்?" என்றார். நான் பத்திரிகையின் நோக்கத்தைப் பற்றி நீளமாக ஒரு விளக்கம் கொடுத்தேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, அட்டையிலிருந்த தமிழைக் காட்டி, "உங்கள் எழுத்து எல்லாம் வட்டம் வட்டமாக இருக்கிறது. அதனால்தான் நீங்கள் சுற்றிச் சுற்றிப் பேசுகிறீர்கள்" என்றார். அருணும் லின்னும் ஒருசேரச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. எழுத்தைப் பார்த்து ஆளை எடைபோடுவது என்ன நியாயம் என்று நினைத்தேன்.

சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. நாங்கள் படி இறங்கும் முன் என்னிடம் சொன்னார். "வெள்ளிக்கிழமைக்குள் வெளியே போன எல்லாம் என் கைக்கு வர வேண்டும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், உங்கள் மகனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிவப்புதான் தெரியும். அப்படி ஒரு மருமகனோடு நான் வாழ முடியாது." அருண் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான். காய்ச்சலில் கிடக்கும்போதுதான் அவன் முகம் அப்படி இருக்கும். நான் ஆசையாகச் செய்த வேலை இது.

திங்கட்கிழமை காலை அருண் ஏற்பாட்டில் குணம் காரோடு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இந்த ஊருக்கு வந்து தலை நரைத்தவர், வாடகைக் கார் ஓட்டுகிறவர். வில்லரே போய்ச் சம்பந்தியம்மாவை ஏற்றிக்கொண்டோம். என்னை நம்பி விட அவர் தயாராக இல்லை, கூடவே வருவேன் என்று பிடிவாதம். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, சமையலறைக் கையுறை.

முதலில் சாப்பாட்டுக் கடை. கல்லா அம்மாள் சம்பந்தியம்மாவைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார். அவரைத் தேற்றி, நிஜத்தைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எங்களுக்கு ஒரு டீ ஆகிவிட்டது. ஆள் இருக்கிறார் என்று தெரிந்ததும் அந்த அம்மாளுக்கு நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆகஸ்ட் என்று தேதி வேறு சொன்னாரே என்று என்னை விரலால் சுட்டினார். பத்திரிகையைக் கல்லாவுக்கு அடியிலிருந்து இடுக்கியால் எடுத்துப் பைக்குள் போட்டார்.

திரும்பும் வழியில் குணம் தும்மினார். பேச்சு வளர்க்கலாம் என்று, தும்மலைச் சீனத்தில் எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டேன். சம்பந்தியம்மா விரலைத் தூக்கினார், வாயைக் குறிக்கும் பாதியைக் காற்றில் போட்டார், அங்கேயே நின்றார். மறுபடி ஆரம்பித்தார், மறுபடி நின்றார். "போனில் ஒலியை அடித்தால் அதுவே எழுத்தைக் காட்டிவிடுகிறது. பார்த்தால் தெரியும். கைக்குத்தான் மறந்துவிட்டது" என்றார். பிறகு தானாகவே சொன்னார். அவர் ஷாங்காய்க்காரர், சம்பந்தி கான்டன் பக்கம். கல்யாணமான புதிதில் ஒருவர் பேச்சு மற்றவருக்குச் சரியாக விளங்காதாம். சண்டை வந்தால் எழுதிக் காட்டிச் சண்டை போடுவார்களாம்.

நான் அதைக் குணத்துக்குத் தமிழில் சொன்னேன். "நாங்களும் அப்பிடித்தானே அண்ணை" என்றார் குணம். "நீங்கள் கதைக்கிறது எனக்கு அரைவாசிதான் விளங்குது. நேற்று வாட்ஸப்பில எழுதினது முழுக்க விளங்கினது."

அடுத்தது பலசரக்குக் கடை. கடைக்காரர் என் பத்திரிகையை வாசல் பலகையில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டியிருந்தார். பலகையில் வேறு என்ன ஒட்டியிருந்தது என்று அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. இப்போது கவனித்தேன். நினைவஞ்சலி, முப்பத்தோராம் நாள், கண்ணீர் அஞ்சலி. கறுப்புக் கட்டம் கட்டிய முகங்களுக்கு நட்ட நடுவில் என் சம்பந்தி பேர் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது.

"இவர்களெல்லாம் யார்?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

பொய் சொல்ல நினைத்தேன். "இறந்தவங்க" என்றேன். அவர் கையுறையைப் போட்டுக்கொண்டு, மூலை கிழியாமல், தானே அதை உரித்து எடுத்தார்.

காரில் ஏறியதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நீங்க காலம் முழுக்க நிறம் கலந்தவங்க. சிவப்பு என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும். இரும்புத் துருவில்கூடச் செய்வார்கள்" என்றார். பையிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையும் பேனாவும் எடுத்தார். கடையில் பார்த்த மாதிரியே தடிமனாக ஒரு கறுப்புக் கட்டம் போட்டார். என் மடியில் வைத்தார். "உங்கள் மகன் பேரை இதற்குள் எழுதுங்கள். வெறும் மைதானே."

எத்தனை கண்ணீர் அஞ்சலி அடித்திருக்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே புரூஃப் பார்த்திருக்கிறேன். பேனாவை வாங்கிக் கட்டத்துக்குள் வைத்தேன். கை ஓடவில்லை. என்னைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டு மறுபடி வைத்தேன். மை காகிதத்தில் ஊறிப் புள்ளி பெரிதாகிக்கொண்டே போனது, முதல் எழுத்தின் சுழி வரவில்லை. குணம் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "வேண்டாம் அண்ணை, விடுங்கோ" என்றார்.

சம்பந்தியம்மா காகிதத்தைத் திரும்ப எடுத்து மடித்து அதே பைக்குள் போட்டார். ஜெயித்த முகம் இல்லை. களைத்த முகமாகத்தான் இருந்தது. படம் படமாகச் சிந்திக்கிறவர்கள் என்ற என் கொள்கை அந்தக் காரில்தான் செத்தது. சம்பந்தி பேரை அழகு பார்த்து, சுற்றிக் கரை கட்டி, பொருத்தமான நிறம் கொடுத்து வைத்தவன் நான். படிக்கத் தெரியாத எனக்குத்தான் அது படம். சம்பந்தியம்மாவுக்கு அது அவர் புருஷன்.

கோயிலில் வேறு சிக்கல். "அம்பாளின்ர காலடியில வைச்சதைத் திருப்பித் தாறேல்லை ஐயா" என்றார் குருக்கள். பத்திரிகை அம்மன் பாதத்தில் கிடந்தது, போதாக்குறைக்கு அதன்மேல் குங்குமம் வேறு. சம்பந்தியம்மா அதைப் பார்த்துச் சுவரில் சாய்ந்துவிட்டார். நான் குருக்களைத் தனியே கூப்பிட்டு ஆபரேஷன் விவரத்தைச் சொன்னேன். அவர் யோசித்தார். "அப்ப ஆளின்ர பேரில ஒரு அர்ச்சனை செய்வம். பேந்து பிரசாதமாத் தாறன், பிரசாதமெண்டால் குடுக்கலாம். ராசி என்ன?"

சம்பந்தியம்மாவிடம் கேட்டேன். "எங்கள் கணக்கில் எருது வருஷம்" என்றார்.

"ஓம், ரிஷபம்" என்றார் குருக்கள், கொஞ்சமும் தயங்காமல். ஹுவாங் நாமதேயஸ்ய என்று மணியடித்து அர்ச்சனை நடந்தது. சம்பந்தியம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் பூ, வாழைப்பழம், பத்திரிகை எல்லாம் கைக்கு வந்தன. குங்குமத்தைத் தட்டிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். பழத்தைக் குணமும் நானும் சாப்பிட்டோம்.

மிச்சம் பக்கத்து வீட்டு மதாம் ஜினெட். நல்ல மனுஷி, எங்களைப் பார்த்தால் தினமும் பொன்ஜூர் என்று வணக்கம் சொல்கிறவர். பத்திரிகை எங்கே என்றதும் முகம் மலர்ந்தது. அவ்வளவு அழகான அட்டையைத் தன் வீட்டில் முடக்க மனசு வரவில்லையாம், ஷிகூடிமியில் இருக்கும் தங்கைக்குத் தபாலில் அனுப்பிவிட்டாராம். ஷிகூடிமி எங்கே இருக்கிறது என்று குணத்தைக் கேட்டேன். அவர் வடக்குப் பக்கம் கையைக் காட்டினார். காட்டிய கை கொஞ்ச நேரம் இறங்கவில்லை. தங்கைக்குப் போன் போட்டோம், இன்னும் வந்து சேரவில்லை என்றாள். வியாழக்கிழமையும் அதே பதில்தான்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். உள்ளே இரண்டு பேர்தான் போகலாம் என்றார்கள். லின்னும் அம்மாவும் போவதாக ஏற்பாடு. லின் டாக்டரைப் பார்க்கப் போன நேரத்தில் சம்பந்தியம்மா என் சட்டைக் கையைப் பிடித்தார். "நீங்கள் வாருங்கள்" என்றார். பயந்துகொண்டே போனேன்.

சம்பந்தி சக்கரக் கட்டிலில் படுத்திருந்தார். கண்ணாடி, பல்செட், காதுக் கருவி எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். தொப்பியும் இல்லை. சம்பந்தியம்மா ஏதோ சொன்னார், அவருக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொன்னார், நர்ஸ் திரும்பிப் பார்த்தாரே தவிர அவருக்குக் கேட்கவில்லை. உடனே கணவர் கையை எடுத்து விரித்து, உள்ளங்கையில் விரலால் எழுத ஆரம்பித்தார். ஒரு எழுத்து, ஒரு இடைவெளி, இன்னொரு எழுத்து. சம்பந்தி கூரையைப் பார்த்தபடி, கையாலேயே படித்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் தலையாட்டினார். ஒரு இடத்தில் விரலை நிறுத்தி மறுபடி எழுதச் சொன்னார். தோலில் எழுதியதைத் தோலாலேயே படிக்கும் கூத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எல்லாப் பத்திரிகையும் திரும்பி வந்துவிட்டது என்று எழுதினேன்" என்றார் சம்பந்தியம்மா என்னிடம், குரலைத் தாழ்த்தி. நான் ஷிகூடிமியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சம்பந்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். கொடுத்தேன். என் உள்ளங்கையைத் திருப்பி, விரலால் ஏதோ எழுதினார். மேலே ஒரு கோடு, குறுக்கே கோடுகள், ஒரு கட்டம் மாதிரி ஏதோ, அப்புறம் இன்னும் கொஞ்சம். என்ன கேட்கிறாரோ, என்ன சொல்கிறாரோ, எதற்கும் இருக்கட்டும் என்று பலமாகத் தலையாட்டினேன். அவருக்குத் திருப்தி. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

காத்திருந்த நேரம் முழுக்க அந்தக் கையை நான் எதிலும் வைக்கவில்லை. வள்ளி தயிர் சாதம் கொண்டுவந்திருந்தாள், இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டேன். மாப்பிள்ளைக் கோலத்தில் பார்க்க வேண்டிய பிள்ளை எதிர் நாற்காலியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு மனிதனைப் பிழைக்க வைக்கச் சொல்லி நான் அவ்வளவு கெஞ்சியது அதற்குமுன் இல்லை. யாரிடம் கெஞ்சினேன் என்றும் தெரியவில்லை. கடைசியில் டாக்டர் வந்து பிரெஞ்சில் பேசினார். எங்களுக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. லின் அருணைக் கட்டிக்கொண்டாள். சம்பந்தியம்மா வள்ளியின் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஊர் திரும்பும் முன் அவரைப் பார்க்கப் போனோம். தொப்பி தலைக்கு வந்துவிட்டது, கருவி காதுக்கு வந்துவிட்டது. சம்பந்தியம்மா புதுப் பத்திரிகை எப்போது என்று கேட்டார். பச்சையில் அடிக்கிறேன் என்றேன். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பச்சைத் தொப்பிதான் ஆகாதாம், மனைவி ஏமாற்றிய புருஷனைத்தான் அப்படிச் சொல்வார்களாம், அட்டையில் பரவாயில்லையாம். வள்ளியும் பச்சைக்குச் சரி என்றுவிட்டாள்.

கிளம்பும்போது என் வலது கையை அவர் முன் விரித்துக் காட்டினேன். "அன்னைக்கு இதுல என்ன எழுதினீங்க? எனக்குப் படிக்கத் தெரியல. தெரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன்" என்றேன்.

சிரித்தால் தையல் வலிக்கும் போலிருக்கிறது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என் பேரைத்தான் எழுதினேன்" என்றார். "கறுப்பு மையில்."